பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட நிகழ்ச்சி

கேள்வி இதுதான்: லொள்ளு சபா, கலக்கப் போவது யாரு மாதிரி டிவி காமெடி நிகழ்ச்சிகளில் இருந்து சந்தானம், சிவகார்த்திகேயன், யோகி பாபு என்று சிலர் எங்கேயோ போய்விட்டார்கள். அதே மேடையில் அதே அளவு சிரிக்க வைத்த மற்றவர்கள் ஏன் அங்கேயே நின்றுவிட்டார்கள்? அந்த நிகழ்ச்சிகளால் தமிழ் சினிமாவில் உண்மையிலேயே ஏதாவது மாறியதா?

‘எல்லாம் நேரம்’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். நான் கொஞ்ச காலம் ஒரு சின்ன சேனலில் காமெடி நிகழ்ச்சிக்கு ஸ்கிரிப்ட் எழுதியவன். மேடைக்குப் பின்னால் நின்று பார்த்ததை வைத்துச் சொல்வதால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்களைப் பாருங்கள். லொள்ளு சபா மனோகர். லொள்ளு சபா சுவாமிநாதன். லொள்ளு சபா சேஷு. கேபிஒய் பாலா. கேபிஒய் தீனா. (கேபிஒய் என்பது ‘கலக்கப் போவது யாரு’வின் சுருக்கம்.) அப்பா பெயரின் முதலெழுத்து நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நிகழ்ச்சி வந்து உட்கார்ந்திருக்கிறது. சந்தானத்தை இன்றைக்கு யாரும் ‘லொள்ளு சபா சந்தானம்’ என்பதில்லை. ‘கலக்கப் போவது யாரு சிவகார்த்திகேயன்’ என்று யாராவது சொன்னால் சொன்னவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். யோகி பாபுவுக்கு ஒட்டு உண்டு. ஆனால் அது 2009-இல் அமீர் நடித்த ‘யோகி’ படத்தில் இருந்து வந்தது. ரோபோ சங்கரின் ஒட்டு அதற்கும் முந்தையது, உடம்பெல்லாம் வெள்ளி வண்ணம் பூசிக்கொண்டு மேடை மேடையாக எந்திரம் மாதிரி ஆடிச் சம்பாதித்தது. டிவி கொடுத்த ஒட்டு யாருக்கு உதிர்ந்தது, யாருக்கு உதிரவில்லை என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

2000-களின் முதல் பாதியில் விஜய் டிவியில் லொள்ளு சபா வந்தது. இயக்கியவர் ராம்பாலா. ஓடி முடிந்த ஒரு பெரிய படத்தை எடுத்து, அதையே கோமாளித்தனமாகத் திருப்பி நடித்துக் காட்டுவது. அதற்கு முன்னும் டிவியில் காமெடி இருந்தது. சபா நாடகத்தில் இருந்து வந்த கிரேஸி மோகன், எஸ்.வி.சேகர் பாணி இருந்தது. ஆனால் அவர்கள் கிண்டல் செய்தது மாமனாரை, மேனேஜரை, பக்கத்து வீட்டுக்காரரை. கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற ஊரில் கட்-அவுட்டில் நிற்பவரையே கிண்டல் செய்தது லொள்ளு சபா. அந்தத் துணிச்சல் இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியலாம். அப்போது அப்படி இல்லை.

அந்த வடிவம் எப்படி வேலை செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். இரண்டரை மணி நேரப் படத்தை, விளம்பரம் போக மிஞ்சிய நேரத்துக்குள் அடக்க வேண்டும். செட் போடப் பணம் இல்லை. வில்லன் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, ஐம்பது அடியாள் புடைசூழ நடந்து வருகிற காட்சியை நான்கு பேரையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் வைத்து எப்படி எடுப்பீர்கள்? மறைக்கப் பார்த்தால் அசிங்கமாக இருக்கும். இல்லாததை இல்லை என்றே காட்டிச் சிரித்துவிட வேண்டும். ஹீரோ பத்தே நொடியில் பணக்காரனாவதை, தங்கை கடைசிச் சண்டை வரும்வரை கட்டிப்போட்ட இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருப்பதை, படத்தில் பார்க்கும்போது நாம் கேள்வி கேட்பதில்லை. செட்டும் இசையும் நம்மைக் கேட்க விடாது. அவற்றை உருவிவிட்டு அதே காட்சியை வெறுமையாக நிறுத்தினால், லாஜிக் இல்லாதது பல்லிளிக்கும். இதை வாராவாரம் பார்த்த ஒரு தலைமுறை தியேட்டருக்குப் போனபோது சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, ஸ்கிரீனைப் பார்த்துக் கமென்ட் அடித்தது.

அந்தக் கமென்டைத்தான் சந்தானம் ஸ்கிரீனுக்கு உள்ளேயே கொண்டுபோனார். எங்கள் வட்டாரத்தில் இதற்குப் பெயர் ‘கவுண்டர்’. எதிராளி ஒரு வரி சொல்லி முடிக்கும் முன்பே அந்த வரியின் காலை வாருவது. அந்தக் கலைக்கு மூத்தவர் கவுண்டமணி, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கவுண்டமணி அதைச் செந்திலிடம் செய்தார், ஊராரிடம் செய்தார். சந்தானத்தின் கவுண்டர் பெரும்பாலும் ஹீரோவின் காதலுக்கு, ஹீரோவின் பில்டப்புக்கு, சில சமயம் அந்தப் படத்தின் கதைக்கே எதிராக இருந்தது. 2004-இல் சிலம்பரசன் ‘மன்மதன்’ படத்தில் அவரை உள்ளே கொண்டுவந்தார். அந்த நன்றியைச் சந்தானம் மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார். பின்னாளில் சந்தானம் ஹீரோவான ‘சக்க போடு போடு ராஜா’வுக்கு சிலம்பரசனே இசையமைத்துக் கொடுத்தார். பிறகு ராஜேஷ் இயக்கிய மூன்று படங்கள்: ‘சிவா மனசுல சக்தி’ 2009, ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ 2010, ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’ 2012. இந்த மூன்றிலும் காமெடிக்குத் தனி டிராக் கிடையாது. ஹீரோவும் காமெடியனும் ஒரே ஃபிரேமில் படம் முழுக்க. நாகேஷ் காலத்திலும் நண்பன் வேஷம் உண்டு, விவேக்கும் அதைப் பண்ணியிருக்கிறார். ஆனால் கதாநாயகனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு ‘இதெல்லாம் ஒரு கதையாடா’ என்ற தொனியில் பேசும் நண்பன், லொள்ளு சபாவின் நேரடிப் பிள்ளை. சினிமாவில் என்ன மாறியது என்று கேட்டீர்களே, நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

2014-இல் ‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ படத்தில் சந்தானம் ஹீரோவானார். ஒரு காமெடியன் ஹீரோவாவதில் உள்ள சிக்கல் அப்போதே தெரிந்தது: கவுண்டர் அடிக்க எதிரே ஒரு ஹீரோ வேண்டும், இப்போது ஹீரோவே இவர்தான். இந்த முடிச்சை அவிழ்க்க அவர் போனது பழைய வீட்டுக்கு. 2016-இல் வந்த ‘தில்லுக்கு துட்டு’ ராம்பாலா இயக்கம். பேய்ப் படத்தின் விதிகளையே கிண்டல் செய்கிற பேய்ப் படம். மாட்டியது ஒரு நடிகரின் படம் அல்ல, ஒரு வகைப் படமே; மற்றபடி பழைய வித்தைதான். 2019-இல் ‘ஏ1’ படத்தில் மனோகர், சேஷு என்று பழைய கூட்டமே அவரோடு நின்றது. அதில் சேஷு பேசிய ஒரு வரி மீமாகிப் படத்தைவிட அதிகம் சுற்றியது.

மனோகரைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் வசனம் பேசினால் கையும் தோளும் ஒரு தாளத்தில் வெட்டி வெட்டி ஆடும். சொல் ஒரு பக்கம் போகும், உடம்பு இன்னொரு பக்கம் போகும். ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார். சினிமாவில் அவரைக் கூப்பிடுகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள்: வாங்க, அந்தக் கையை ஆட்டுங்க, போங்க. ஐந்து நிமிட ஸ்கிட்டில் அது அமுதம். ஒரு படம் முழுக்க ஒரு மனிதராக வாழ அது போதாது. போதுமா என்று பார்க்க யாரும் அவருக்கு இடம் கொடுத்ததாகவும் தெரியவில்லை. திறமைக் குறைவு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூப்பிட்டவர்களுக்கு வேண்டியிருந்தது மனோகர் அல்ல, முன்னால் இருந்த ஒட்டுதான்.

இப்போது ‘கலக்கப் போவது யாரு’வுக்கு வருவோம். 2005-இல் ஆரம்பித்தது. லொள்ளு சபா ஒரு குழு, இது போட்டி. முதல் சீசனில் ஜெயித்தவர் கோவை குணா. போட்டி என்றதும் ஆட்டம் மாறிவிட்டது. மூன்று நான்கு நிமிடத்தில் ஜட்ஜைச் சிரிக்க வைக்க வேண்டும். அதற்கு மிகக் குறுக்கு வழி மிமிக்ரி. மைக்கைப் பிடித்ததும் தெரிந்த குரல் ஒன்று வந்தால் கைதட்டல் தானாக வரும், கதாபாத்திரத்தை அறிமுகப்படுத்த நேரம் செலவாகாது. நானே எழுதும்போது சரக்கு இல்லாத வாரங்களில் ‘இங்க ஒரு வாய்ஸ் போட்டுக்கலாம்’ என்று தப்பித்திருக்கிறேன்.

ஆனால் மிமிக்ரி கடன் வாங்கிய சட்டை. வடிவேல் பாலாஜியை நினைத்துப் பாருங்கள். மதுரைக்காரர், 2020-இல் காலமானார். வடிவேலுவின் உடல்மொழியை அந்த அளவு உள்வாங்கியவர் வேறு யாரும் இல்லை. நிகழ்ச்சியின் பெயர் ஒட்டுவதைவிடக் கொடுமை அவருக்கு நடந்தது, இன்னொரு நடிகரின் பெயரே அவருக்கு இனிஷியல் ஆனது. அசல் இருக்கும் சினிமாவில் நகலுக்கு என்ன வேஷம் கொடுப்பார்கள்?

சிவகார்த்திகேயனும் மிமிக்ரிக்காரர்தான். திருச்சியில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து மூன்றாவது சீசனில் ஜெயித்தவர். ஆனால் அவரை மாற்றியது அந்தக் கோப்பை அல்ல என்பது என் கணக்கு. 2009-இல் ‘அது இது எது’ நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க ஆரம்பித்தார். தொகுப்பாளர் யார் குரலிலும் பேச முடியாது, சொந்தக் குரலில்தான் பேச வேண்டும். வாராவாரம், எழுதிக் கொடுக்காத வரிகளை, வந்த விருந்தாளியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். யாரையும் புண்படுத்தாமல் வம்பு இழுக்க வேண்டும். இப்படியே பேசிப் பேசி அவர் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டார். 2012-இல் பாண்டிராஜ் இயக்கத்தில் ‘மெரினா’ வந்தபோது ஜனங்கள் புதுமுகத்தைப் பார்க்கவில்லை, தெரிந்த பையனைப் பார்த்தார்கள். மறு வருடமே ‘எதிர்நீச்சல்’, ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’. 2024-இல் ‘அமரன்’ படத்தில் மேஜர் முகுந்த் வரதராஜனாக அவர் நின்றபோது மிமிக்ரி யாருக்கும் நினைவே வரவில்லை.

அதே ‘அது இது எது’வில் ‘சிரிச்சா போச்சு’ என்று ஒரு சுற்று. விருந்தாளி சிரிக்காமல் உட்கார வேண்டும். கெட்டப் போட்ட குழு அவரைச் சிரிக்க வைக்க வேண்டும். நடிப்பவர்களுக்கு இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடையாது. முந்நூறு பேர் கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்துவிடுவார், சமாளித்துக்கொள்ளலாம். இங்கே எதிரே இருப்பது ஒரே முகம், அதுவும் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் முகம். எழுதிய வரி செத்துவிட்டால் அடுத்த நொடியில் வேறு எதையாவது பிடிக்க வேண்டும். காமெடி நடிகர் ராமர் போன்றவர்கள் அந்த நெருப்பில்தான் பழுத்தார்கள்.

பெண்களுக்கு அங்கே இருந்த இடம் பற்றிச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. புடவை கட்டிய ஆண் வந்து நின்றாலே பாதி ஜோக் முடிந்துவிடும் என்பது எழுதுகிற எங்கள் எல்லோருக்கும் பழக்கம். கருப்பு, குண்டு, வழுக்கை — இவற்றைத் தாண்டி யோசிக்காமல் போன வாரங்கள் ஏராளம். அறந்தாங்கி நிஷா மாதிரி ஒருவர் அந்த மைக்கைப் பிடித்து நிற்க, தன் நிறத்தைத் தானே முதலில் கிண்டல் செய்ய வேண்டியிருந்தது. அது அப்படியே சினிமாவுக்கும் போனது. யோகி பாபுவின் தலைமுடியை வைத்து எத்தனை படத்தில் எத்தனை வசனம்! டிவி காமெடியின் தாக்கம் என்று பட்டியல் போட்டால் இந்தக் கழிவும் அதில் உண்டு.

அந்த யோகி பாபுவின் கதை சுவாரசியமானது. நண்பர் ஒருவரோடு லொள்ளு சபா ஷூட்டிங் பார்க்கப் போனவர், ராம்பாலாவின் கண்ணில் பட்டு உள்ளே வந்தார். சின்னச் சின்ன வேஷம், கூடவே ஸ்கிரிப்ட் வேலையில் உதவி. ‘எழுத்து வேலை’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒட்டு உதிர்ந்தவர்களைக் கூர்ந்து பார்த்தால் ஏதாவது ஒரு கட்டத்தில் பேப்பரும் பேனாவும் கையில் இருந்திருக்கும். கலக்கப் போவது யாருவில் மிமிக்ரி செய்த மணிகண்டன் பிறகு டப்பிங் பேசினார், ‘விக்ரம் வேதா’வுக்கு வசனம் எழுதினார், ஒரு படம் இயக்கினார். அதற்குப் பிறகுதான் 2021-இல் ‘ஜெய் பீம்’ ராஜாகண்ணு. குரலை மாற்றத் தெரிந்தவர் அந்த வித்தையை அடுத்த நடிகரைக் காட்டப் பயன்படுத்தாமல், ஊர் பெயர் தெரியாத மனிதர்களைக் காட்டப் பயன்படுத்தினார். ‘குட் நைட்’ மோகனும் ராஜாகண்ணுவும் ஒரே தொண்டையில் இருந்து வந்தார்கள் என்று நம்பவே கஷ்டமாக இருக்கிறது.

அமெரிக்காவில் 1975 முதல் ஓடும் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியிலும் இதே கதைதான். அங்கே நடிப்பவர்களும் உட்கார்ந்து எழுதுவார்கள். எழுத்தாளர் குழுவுக்கே தலைவியாக இருந்த டினா ஃபே, பிறகு சொந்தமாகத் தொடர் எழுதி அதில் தானே நடித்தார். நம் ஊரில் எழுதியவர் பெயர் டைட்டிலில் ஓடும் வேகத்துக்கு அவர் அம்மாவால்கூடப் படிக்க முடியாது.

டிவியில் இருந்து நடிகர்கள் மட்டும் வரவில்லை என்பதையும் பாருங்கள். நெல்சன் விஜய் டிவியில் நிகழ்ச்சிகளை இயக்கியவர். அவருடைய முதல் படம் 2018-இல் ‘கோலமாவு கோகிலா’. அதில் நயன்தாராவைப் பார்த்து யோகி பாபு உருகும் பாட்டை எழுதியவர் சிவகார்த்திகேயன். இயக்குநர், பாடலாசிரியர், நடிகர் என்று மூன்று பேருக்கும் பள்ளிக்கூடம் டிவி. ஒருதலைக் காதல் பாட்டின் எல்லா அசட்டுத்தனத்தையும் தெரிந்தே எழுதி, தெரிந்தே நடித்து, அதையே ஊர் முழுக்கப் பாட வைத்தார்கள். அழகான ஹீரோ பாட வேண்டிய பாட்டை யோகி பாபு பாடியது லொள்ளு சபா ஸ்பூஃப் மாதிரியே இருக்கிறது, ஆனால் கிண்டல் இல்லை. அவருக்காக மனசு கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. ஸ்பூஃப் வளர்ந்து ஆளான இடம் அது என்பேன்.

முழு நீளப் பகடிப் படமான ‘தமிழ்ப் படம்’ 2010-இல் வந்ததையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். சி.எஸ்.அமுதன் இயக்கியது. டிவி அதற்குப் பார்வையாளர்களைத் தயார் செய்து வைத்திருந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன், அதைப் பற்றி எழுதாதவர் இல்லை.

இனி ஒட்டு உதிராதவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது. டிவி கொடுக்கும் பணத்தில் குடும்பம் நடக்காது. வருமானம் எல்லாம் கல்லூரி விழா, கோயில் திருவிழா, கடை திறப்பு, அமைந்தால் துபாய், மலேசியா. அங்கே போஸ்டரில் பெயருக்கு மேலே ‘விஜய் டிவி புகழ்’ என்று போட்டால்தான் கூட்டம் வரும். (பிறகு புகழ் என்ற பெயரிலேயே ஒருவர் அங்கிருந்து பிரபலமாகிவிட்டார். போஸ்டரைப் பார்த்தால் பட்டமா ஆளா என்று குழம்ப வேண்டியிருக்கிறது.)

சில வருடங்களுக்கு முன் மணப்பாறைப் பக்கம் ஒரு திருவிழா மேடைக்கு நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். டிவியில் ஒரு சீசன் முழுக்கத் தாக்குப்பிடித்தவர், பெயர் வேண்டாம். டிராக்டர் டிரெய்லரைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியதுதான் மேக்கப் ரூம். புதிதாக ஒரு ஐட்டம் வைத்திருந்தார்: ரேஷன் கடை மெஷினில் கைரேகை விழாத பாட்டியும், அவளிடம் மாட்டிக்கொண்ட கடைக்காரரும். வரும் வழியில் வேனில் நடித்துக் காட்டினார், சிரித்த சிரிப்பில் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். மேடையில் ஆரம்பித்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. முன்வரிசையில் இருந்து ஒரு குரல்: “அண்ணே, டிவில பண்ணுவீங்களே, அதப் பண்ணுங்கண்ணே!” விழாக் கமிட்டிக்காரர் ஓரமாக வந்து அதையே கையால் சைகை காட்டினார். நண்பர் பாட்டியைப் பாதியில் விட்டுவிட்டு, ஆறு வருடமாகப் பண்ணிக்கொண்டிருந்த அதே நடிகர் குரலுக்கு மாறினார். விசில் பறந்தது. திரும்பும்போது வேனில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, கவரில் இருந்த பணத்தை மட்டும் இரண்டு தடவை எண்ணினார்.

யூடியூப் வந்தபிறகு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. பரிதாபங்கள் கோபி, சுதாகரைப் பாருங்கள். அவர்களுக்கும் ஒட்டு இருக்கிறது, ஆனால் கடை அவர்களுடையது. அரசியல்வாதியைப் பண்ணலாம், பஸ் கண்டக்டரைப் பண்ணலாம், ஒரு வீடியோ எடுபடாவிட்டால் எலிமினேஷன் கிடையாது. சினிமா கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாவிட்டாலும் சோறு உண்டு. லொள்ளு சபா ஆட்களுக்கு அந்த வசதி இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2024 மார்ச்சில் சேஷு இறந்தபோது செய்தி படித்தேன். நிகழ்ச்சி நின்று எத்தனையோ வருடம் ஆகியும் தலைப்பில் ‘லொள்ளு சபா சேஷு’ என்றுதான் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால்தான் யார் என்று தெரியும், பத்திரிகையைக் குறை சொல்ல முடியாது.

அந்த மணப்பாறை நண்பர், கடைசியில் ரேஷன் கடைப் பாட்டியைத் தன் வீட்டு மாடியிலேயே மொபைலில் எடுத்து யூடியூபில் போட்டார். பாட்டியும் அவரே, கடைக்காரரும் அவரே, அரிசி மூட்டைக்குப் பதில் தலையணை. நன்றாக ஓடியது. எனக்கு லிங்க் அனுப்பியதும் கீழே இருந்த முதல் கமென்டைத்தான் பார்த்தேன்: “அண்ணே சூப்பர், உங்கள எங்கயோ டிவில பாத்திருக்கேன், ஆனா பேரு தெரியல.”

“பேரு தெரியலையாம்டா” என்று போனில் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார்.